ஓயாமல் வடியும் கண்ணீர்: மூக்கு வழியாகச் செய்யும் ஒப்பரேஷன் எத்தனை வருஷம் தாங்கும்?



கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையாக நிற்கும்போது ஒருமுறை சுற்றிப் பாருங்கள். யாராவது ஒரு அக்கா முந்தானையால் ஒரே கண்ணின் ஒரே மூலையைத் திரும்பத் திரும்ப ஒற்றிக்கொண்டிருப்பார். "என்னக்கா, கண்ணுல என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, அடுப்புப் புகை" என்பார். இன்னொரு நாள் "பனிக்காத்து ஒத்துக்கல" என்பார். வயதானவர் என்றால் "வயசாச்சுல்ல, அப்புடித்தான்" என்று முடித்துவிடுவார்.

புகையாலும் காற்றாலும் கண் கலங்குவது உண்மைதான். ஆனால் அது இரண்டு கண்ணிலும் வரும், புகை போனதும் நின்றுவிடும். ஒரு கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் நீர் வடிந்து, காலையில் இமை ஒட்டிப் பீளை கட்டி, மூக்கோரத்தை அமுக்கினால் சளி போலவோ சீழ் போலவோ வெளியே வந்தால் அது வேறு விஷயம். கண்ணீர் போகிற குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கு மருந்து ஊற்றி மட்டும் சுகம் காண முடியாது. ஒப்பரேஷன்தான் வழி.

ஒப்பரேஷன் என்று சொன்னதுமே தோட்டங்களில் இரண்டு கேள்விகள் வருகின்றன. ஒன்று, "எத்தனை நாள் பேர் போகும்?" மற்றது, "செஞ்சாலும் திரும்ப அடைச்சிக்குமாமே, அப்ப எதுக்குச் செய்யணும்?" இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காததால் பலர் ஒப்பரேஷனை வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். ஆகவே அந்தக் கேள்வியைத்தான் இந்த முறை விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

கண்ணீர் போகும் வழி

கண்ணீர் அழும்போது மட்டும் சுரப்பதல்ல. கண் காயாமல் இருக்க அது நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. அப்படிச் சுரந்த நீர் எங்கே போகிறது? கண்ணாடி முன்னால் நின்று கீழிமையின் உள் ஓரத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஊசி முனை அளவில் ஒரு சிறு துளை தெரியும். மேலிமையிலும் அதேபோல் ஒன்று உண்டு. இந்த இரண்டு துளைகளும்தான் வாசல். அங்கிருந்து மெல்லிய குழாய்கள் மூலம் நீர் கண்ணீர்ப்பைக்குப் போகிறது. மூக்கின் மேல் பக்கவாட்டில், எலும்புப் பள்ளத்துக்குள் இந்தப் பை இருக்கிறது. பையிலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கி மூக்கின் உள்ளே திறக்கிறது. நாம் அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது இதனால்தான்.

நமக்குப் பழக்கமான உதாரணமாகச் சொன்னால், இது தேயிலை மலையில் வெட்டியிருக்கும் கான் போன்றது. கான் சுத்தமாக இருந்தால் மழைத் தண்ணீர் அது பாட்டுக்கு வடிந்து போகும். கான் தூர்ந்துபோனால் தண்ணீர் பாதையில் ஏறும், தேங்கும், நாறும். கண்ணீர்க் குழாயின் அடிப்பகுதி அடைபட்டாலும் அதேதான் நடக்கிறது. நீர் கன்னத்தில் வழிகிறது. பையில் தேங்கிய நீரில் கிருமி பெருகிச் சீழாகிறது.

பெரியவர்களுக்கு இந்த அடைப்பு பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல், மெதுவாக உண்டாகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். எலும்பு வழியாக இறங்கும் குழாய் பெண்களுக்கு ஒடுக்கமாக இருப்பது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. மூக்கில் அடிபட்டவர்களுக்கும், நீண்டகால மூக்கு நோய் உள்ளவர்களுக்கும் இது வரலாம்.

"வெறும் தண்ணிதானே" என்று விடலாமா?

கூடாது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, தேங்கிய சீழ் ஒருநாள் திடீரென்று பொங்கலாம். கண்ணின் உள் மூலைக்குக் கீழே சிவந்து வீங்கி, தொட முடியாத வலியும் காய்ச்சலும் வரும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசியால் குத்தி விடுவதும் பச்சிலை வைத்துக் கட்டுவதும் ஆபத்து.

இரண்டாவது, வெள்ளை படர்ந்த கண்ணுக்கு, அதாவது கண்புரைக்கு ஒப்பரேஷன் செய்ய வேண்டியவர்களுக்குப் பையில் சீழ் இருந்தால் டாக்டர்கள் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்வார்கள். அந்தக் கிருமி கண்ணுக்குள் போனால் பார்வையே போய்விடலாம் என்பதே காரணம்.

மூன்றாவதைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கொழுந்து பறிக்கும்போது இலையோ குச்சியோ கண்ணில் படுவதும், கவ்வாத்துக் காலத்தில் சிம்பு தெறிப்பதும் நமக்குப் புதிதல்ல. ஆரோக்கியமான கண்ணில் அந்தச் சிறு கீறல் பெரும்பாலும் ஆறிவிடும். பக்கத்திலேயே சீழ்ப்பை இருந்தால் கிருமி நேராகக் கீறலில் இறங்கும். கருவிழியில் புண் உண்டாகும். 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரையில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு முன்னதாகக் கண்ணில் ஏதோ ஒரு காயம் பட்டிருந்தது. கருவிழிப் புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். அந்தத் தழும்பு பார்வையை மறைக்கும். வடியும் கண்ணைக் கவனிக்காமல் விடுவதன் விலை இதுதான்.

எப்படிப் பரிசோதிப்பார்கள்?

பயப்பட ஒன்றுமில்லை. கண்ணில் விறைப்பு மருந்து விட்டு, முனை மழுங்கிய மெல்லிய ஊசியை இமைத் துளைக்குள் வைத்து உப்புத் தண்ணீரைச் செலுத்துவார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் வழி திறந்திருக்கிறது. தண்ணீர் திரும்பிக் கண்ணுக்கே வந்தால் அடைப்பு. சளியும் சேர்ந்து வந்தால் அடைப்பு பைக்குக் கீழே இருக்கிறது என்று அறிந்துகொள்வார்கள். "மிஸ்ஸி, வாயில உப்புக் கரிக்குது" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை டாக்டருக்குப் பெரிய தகவல்.

கண்ணிலிருந்து இரத்தம் கலந்த நீர் வந்தாலோ, உள் மூலைக்கு மேல் பக்கத்தில் கெட்டியான வீக்கம் இருந்தாலோ அதைத் தனியாகச் சொல்லுங்கள். அபூர்வமாக அது கட்டியாக இருக்கலாம்.

தூர்ந்த கானை விட்டுப் புதுக் கான் வெட்டுவது

இந்த ஒப்பரேஷனில் அடைபட்ட பழைய குழாயைத் தோண்டுவதில்லை. கண்ணீர்ப்பைக்கும் மூக்குக்கும் நடுவில் உள்ள எலும்பில் ஒரு ஜன்னல் திறந்து, பையையும் திறந்து, நீரை நேராக மூக்குக்குள் விடுகிறார்கள். தூர்ந்த கானை விட்டு, அதற்கு மேலே குறுக்காகப் புதுக் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்புவது போலத்தான்.

இதை வெளியிலிருந்து செய்யும் முறையை 1904ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அட்டியோ டோட்டி என்ற டாக்டர் எழுதி வெளியிட்டார். மூக்கோரத்தில் தோலைச் சிறிதாக வெட்டி உள்ளே போவது அந்த முறை. நூறு வருஷம் கடந்தும் அது இன்றும் நல்ல முறைதான். மூக்கு வழியாகப் போகலாம் என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. 1893இல் அமெரிக்காவில் கால்டுவெல் என்ற டாக்டர் அதை முயன்றார். ஆனால் மூக்குக்குள் இருட்டு, இடுக்கு, இரத்தம் வந்தால் ஒன்றும் தெரியாது. அதனால் அந்த வழி நீண்டகாலம் கைவிடப்பட்டுக் கிடந்தது.

பென்சிலைவிட மெல்லிய, நுனியில் வெளிச்சம் உள்ள எண்டோஸ்கோப் என்ற குழாய்க் கருவி வந்தபின் நிலைமை மாறியது. 1989ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் மெக்டோனா, மெய்ரிங் என்ற இரு டாக்டர்கள் அந்தக் கருவியை மூக்குக்குள் விட்டு, பார்த்துக்கொண்டே இந்த ஒப்பரேஷனைச் செய்த விதத்தை வெளியிட்டார்கள். முகத்தில் வெட்டில்லை, தழும்பில்லை. இமையை அசைத்துக் கண்ணீரைப் பைக்குத் தள்ளும் தசையும் வெட்டுப்படுவதில்லை. மூக்கு எலும்பு வளைந்திருந்தால் அதையும் அதே நேரத்தில் சரிசெய்யலாம்.

திரும்ப அடைக்குமா?

இனி நம் கேள்விக்கு வருவோம்.

"மூக்கு வழியாச் செஞ்சா நிக்காது" என்று சொல்பவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. ஆரம்பகாலத்தில் அந்தக் குறை இருந்தது. 1998இல் பின்லாந்து டாக்டர்கள் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். வெளியிலிருந்து செய்தவர்களையும், மூக்கு வழியாக லேசர் ஒளியால் எலும்பைத் துளைத்துச் செய்தவர்களையும் ஒரு வருஷத்துக்குப் பின் பரிசோதித்தார்கள். வெளிமுறையில் நூற்றுக்கு 91 பேருக்கு வழி திறந்திருந்தது. லேசர் முறையில் நூற்றுக்கு 63 தான். லேசரால் போட்ட துளை சிறியது. சூட்டினால் சுற்றியுள்ள சதையும் தழும்பாகி மூடிக்கொண்டது.

இதிலிருந்து டாக்டர்கள் பாடம் கற்றார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பீட்டர் ஜோன் வொர்மால்ட் என்ற காது மூக்கு தொண்டை நிபுணர், 2000ஆம் ஆண்டை ஒட்டிய வருஷங்களில் முறையைத் திருத்தினார். பையின் அடிப்பாதியை மட்டும் திறக்காமல், மேல் நுனி வரை எலும்பை எடுத்துப் பை முழுவதையும் புத்தகம் விரிப்பது போல் விரித்தார். பையின் தோலும் மூக்கின் உள்தோலும் ஒன்றோடொன்று தொடும்படி வைத்தார். தோலும் தோலும் சேர்ந்தால் ஓரம் சுத்தமாக ஆறும். எலும்பு வெறுமனே தெரிந்தால்தான் தழும்புச் சதை வளர்ந்து வழியை மூடும்.

ஐதராபாத்தில் உள்ள எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தின் டாக்டர் முகமது ஜாவேத் அலி, வொர்மால்டுடன் சேர்ந்து இப்படிச் செய்தவர்களின் நீண்டகாலப் பலனை 2014இல் வெளியிட்டார். ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்ததில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்கு வழி திறந்தே இருந்தது, நீர் வடிவதும் நின்றிருந்தது. ஆக, பழகிய கை, சரியான முறை இரண்டும் சேர்ந்தால் மூக்கு வழியாகச் செய்வதும் வெளியிலிருந்து செய்வதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன. பத்துப் பேருக்குச் செய்தால் ஒன்பது பேருக்குச் சரி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அந்த ஒருவருக்கு எப்போது தவறுகிறது? ஜன்னலின் அளவை டாக்டர்கள் மாதம் மாதமாக உள்ளே பார்த்து அளந்திருக்கிறார்கள். ஒப்பரேஷன் முடிந்த முதல் நான்கு வாரத்தில்தான் அது அதிகமாகச் சுருங்குகிறது. அதன்பின் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அடைபடப்போகிற வழி அநேகமாக முதல் சில மாதங்களிலேயே அடைபட்டுவிடும். புதிதாக வெட்டிய கானில் முதல் மழைக்கு மண் சரியும். அந்த மழைக்குத் தாங்கிக் கரை இறுகிவிட்டால் பிறகு வருஷக்கணக்கில் நிற்கும். அதே கதைதான் இதுவும். ஒரு வருஷம் நன்றாகத் தாண்டியவர், "இனி எப்ப அடைக்குமோ" என்று தினமும் பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வழி திறந்திருப்பது ஒன்று, கண் வடியாமல் இருப்பது வேறொன்று. உப்புத் தண்ணீர் செலுத்தினால் தொண்டைக்கு வருகிறது, ஆனாலும் காற்றடித்தால் கொஞ்சம் கண் கலங்குகிறது என்று சிலர் சொல்வார்கள். வயதால் இமை தளர்ந்திருந்தால் நீரைத் தள்ளும் பலம் குறையும். கண் காய்ந்திருந்தாலும் எரிச்சலில் நீர் ஊறும். அது ஒப்பரேஷன் தோற்றதாகாது. சீழ் நின்று, பை வற்றி, கருவிழிக்கு இருந்த ஆபத்து நீங்கியதே பெரிய லாபம்.

தவறிவிட்டால் கை கழுவி விடுவதா? இல்லை. மூக்குக்குள் கருவி விட்டுப் பார்த்து, எங்கே தழும்பு மூடியது என்று கண்டு, இரண்டாம் முறை திறக்கலாம். முதல் முறையைவிடப் பலன் சற்றுக் குறைவு. ஆனாலும் பெரும்பாலோருக்கு அதிலும் சரியாகிறது. மூக்கில் முன்பே அடிபட்டவர், பை சுருங்கிப்போனவர், இமைப்பக்கத்து மெல்லிய குழாயிலேயே அடைப்பு உள்ளவர் ஆகியோருக்குச் சிரமம் அதிகம். "எனக்கு அடைப்பு எந்த இடத்தில், டாக்டர்?" என்று முன்கூட்டியே கேளுங்கள்.

முதல் மாதம் நம் கையில்

டாக்டர் செய்வது பாதி. முதல் நான்கு வாரம்தான் முக்கியம் என்று பார்த்தோமல்லவா? அந்த நான்கு வாரமும் நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள். ஆகவே இவற்றை நினைவில் வையுங்கள்:

1. ஒப்பரேஷனுக்கு முன் பிரஷர், சீனி வருத்தம், இருதய நோய் இருந்தால் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

2. முதல் இரண்டு வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். முதல் ஓரிரு நாள் மூக்கிலிருந்து இலேசாக இரத்தம் கசியலாம். நிற்காமல் ஓடினால் உடனே ஆஸ்பத்திரி.

3. மூக்கைக் கழுவச் சொன்ன உப்புத் தண்ணீரையும், கண்ணுக்குச் சொட்டு மருந்தையும் சொன்ன நாள் வரை விடாதீர்கள். "சொகமாயிருச்சு" என்று பாதியில் நிறுத்துவதுதான் நாம் அதிகம் காணும் தவறு. கழுவும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்கட்டும். பீலித் தண்ணீரை அப்படியே எடுக்க வேண்டாம்.

4. தலையில் பட்டி மாட்டிக் கூடை சுமப்பதும், குனிந்து பாரம் தூக்குவதும் மூக்கில் இரத்தம் வரச் செய்யும். எப்போது மலைக்குப் போகலாம் என்று டாக்டரையே கேளுங்கள். கேட்டதை எழுதியும் வாங்குங்கள்.

5. சிலருக்குப் புது வழியில் மெல்லிய சிலிக்கன் குழாய் வைத்திருப்பார்கள். கண் மூலையில் நூல் போலத் தெரியும். சில வாரங்களில் டாக்டர் அதை எடுத்துவிடுவார். அது வெளியே நழுவி வந்தால் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். கன்னத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். எல்லோருக்கும் இந்தக் குழாய் தேவைப்படுவதில்லை. வைக்கவில்லை என்றால் குறையாகச் செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

6. கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள். மூக்குக்குள் சிறு சதையோ பொருக்கோ வளர்ந்திருந்தால் அந்த வருகையில் சில நிமிடத்தில் நீக்கிவிடுவார்கள். வராவிட்டால் அதுவே வழியை மூடும்.

7. ஈர விறகுப் புகையிலிருந்து ஒரு மாதமாவது ஒதுங்கி இருக்க வீட்டார் உதவ வேண்டும். அடுப்படி வேலையை அண்ணன்மாரும் தம்பிமாரும் கொஞ்ச நாள் பார்த்தால் குறைந்துபோய்விட மாட்டார்கள்!

கைக்குழந்தைக்கு வந்தால்?

பிறந்த குழந்தையின் கண் வடிவதைப் பார்த்துப் பயந்து ஒப்பரேஷன் என்று ஓட வேண்டாம். குழாயின் அடியில் ஒரு மெல்லிய சவ்வு இன்னும் திறக்காததே காரணம். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துவிடும். சுத்தமான விரலால் கண்ணின் உள் மூலையிலிருந்து மூக்கோரமாகக் கீழ்நோக்கி மெதுவாக அழுத்தித் தடவ வேண்டும். இதை மருத்துவமாதுவிடம் கேட்டு ஒருமுறை நேரில் பழகிக்கொள்ளுங்கள். தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சுவது, பூச்சாறு பிழிவது இரண்டும் வேண்டாம். ஒரு வயது தாண்டியும் வடிந்தால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். பிறந்த முதல் மாதத்தில் கண் சிவந்து கெட்டியான சீழ் வந்தால் மட்டும் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது.

எங்கே போவது?

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டித் துண்டு வாங்குங்கள். கட்டுகஸ்தோட்டையைச் சுற்றியுள்ள நமக்கு வழி சுலபம். மாத்தளை ரோட்டால் வந்தாலும் குருநாகல் ரோட்டால் வந்தாலும் கட்டுகஸ்தோட்டையில் வந்து சேர்ந்து, மகாவலிப் பாலம் தாண்டினால் கண்டி ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர்தான். கண்டி தேசிய வைத்தியசாலையில் கண் பிரிவும் உண்டு, காது மூக்கு தொண்டைப் பிரிவும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். எந்த முறை உங்களுக்குப் பொருந்தும், மூக்கு வழியாகச் செய்ய வசதி எங்கே உண்டு, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதைக் கிளினிக்கிலேயே கேளுங்கள். டாக்டர் வெளிமுறையைத்தான் சொன்னால் அதை இரண்டாந்தரம் என்று எண்ணித் திரும்பி வந்துவிடாதீர்கள். சிறு தழும்பு விழும், நாளடைவில் மங்கும். கண் பிழைக்கும்.

பேர் போகுதே என்ற கவலை நமக்கும் தெரியும். ஒரு கிளினிக் நாள் என்றாலே அன்றைய சம்பளமும் போய், பஸ் காசும் சேர்ந்து போகிறது. அதனால்தான் சொல்கிறோம்: கிளினிக் துண்டையும் மருத்துவச் சான்றிதழையும் பத்திரமாக வைத்து, திகதியை முன்கூட்டியே கங்காணியிடமும் தோட்டக் காரியாலயத்திலும் தெரிவியுங்கள். ஒரே லயத்தில் இரண்டு மூன்று பேருக்குக் கண் காட்ட இருந்தால் சேர்ந்து ஒரே நாளில் போங்கள். சிங்களமும் தமிழும் தெரிந்த பிள்ளை ஒன்றைத் துணைக்குக் கூட்டிப்போனால் டாக்டர் சொல்வது எதுவும் தவறிப்போகாது.

சில வாரப் பேர் போனால் அடுத்த மாதம் பறித்துச் சரிக்கட்டலாம். கருவிழி புண்ணாகி வெளிச்சம் போன கண்ணுக்கு எந்த மாதமும் ஈடு கட்ட முடியாது. அரும்பு எது, முற்றிய இலை எது என்று பார்த்துப் பறிப்பதும் இந்தக் கண்ணால்தானே?

ஆகவே, முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருக்கும் அந்த அக்காவிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். வாசிக்கத் தெரியாதவர் என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "திரும்ப அடைக்குமாமே" என்று கேட்டால், "பத்துல ஒம்பது பேருக்கு அடைக்காது அக்கா, வாங்க, அடுத்த கிளினிக்குக்கு நானும் வாறேன்" என்று சொல்லுங்கள்.